டால்பினிடம் கற்ற மூச்சு, 100 மீட்டர் ஆழத்தில் யோகா... யார் இந்த ஜாக் மயோல்?

1976-ம் வருஷம், நவம்பர் 23. இத்தாலியின் எல்பா தீவு. நெப்போலியனை நாடு கடத்தி வைத்திருந்தார்களே, அதே தீவுதான். அதன் கரைக்குச் சற்றுத் தள்ளி, ஒரு மனிதர் மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டு கடலுக்குள் இறங்கினார். முதுகில் சிலிண்டர் கிடையாது. வாயில் குழாய் கிடையாது. வயது 49. நம்ம வீட்டில் அந்த வயதில் ஒருவர் மாடிப்படி வேகமாக ஏறினாலே, 'மெதுவாப் போங்கப்பா' என்போம்.

மூன்றரை நிமிடத்துக்கும் மேல் ஆனது. மேலே வந்தபோது, அவர் 100 மீட்டர் ஆழத்தைத் தொட்டுவிட்டு வந்திருந்தார். சென்னை எல்.ஐ.சி கட்டடத்தை ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு வைத்தால் வரும் உயரம், கிட்டத்தட்ட அவ்வளவு. அதுவரை உலகில் யாரும் ஒரே மூச்சில் அந்த ஆழத்துக்குப் போய்விட்டுத் திரும்பியதாகப் பதிவு இல்லை.

அவர் பெயர் ஜாக் மயோல். பிரெஞ்சுக்காரர். இந்தச் சாதனையில் ஒரு சின்ன விவரம்தான் என்னை உட்கார்ந்து தேட வைத்தது. சாதாரணமாக நிமிடத்துக்கு 60 முறை துடிக்கும் அவர் இதயம், அந்த ஆழத்தில் 27 ஆகக் குறைந்திருந்தது. பயத்தில் நமக்கெல்லாம் படபடவென அடிக்கவேண்டிய இடத்தில் அவருக்குப் பாதிக்கும் கீழே இறங்கியிருக்கிறது. 'எப்படி' என்று கேட்டவர்களுக்கு அவரிடம் இருந்த பதிலில் பாதி டால்பின், பாதி யோகா.

'நெஞ்சு நசுங்கிடும்' என்றார்கள்

அது ஏன் அவ்வளவு பெரிய விஷயம் என்று புரிய, கொஞ்சம் பத்தாம் வகுப்பு அறிவியல் வேண்டும். பயப்படாதீங்க, ஒரே பத்திதான்.

தண்ணீருக்குள் ஒவ்வொரு 10 மீட்டருக்கும் நம் உடல் மேல் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடிக்கொண்டே போகும். 100 மீட்டரில் மொத்தம் 11 மடங்கு. பாயில் விதிப்படி, நுரையீரலில் 6 லிட்டர் காற்றோடு இறங்கினால், கீழே அது அரை லிட்டர் சொச்சமாகச் சுருங்கிவிடும். ஆனால், நாம் முழுசாக மூச்சை வெளியே விட்டாலும் நுரையீரலில் ஒன்று, ஒன்றரை லிட்டர் காற்று மிச்சம் இருக்கும். விலா எலும்புக்கூடு அதற்குக் கீழே சுருங்க இடம் தராது. அப்போ என்ன ஆகும்? நெஞ்சு நசுங்கும். இதுதான் அன்றைய மருத்துவர்களின் கணக்கு.

1949-ல் ரைமண்டோ புகேர் என்ற இத்தாலிய விமானப்படை வீரர், காப்ரி தீவில் பந்தயம் கட்டி 30 மீட்டர் இறங்கியபோதே, செத்துவிடுவார் என்றார்கள். சாகவில்லை. அப்புறம் 50 மீட்டர்தான் எல்லை என்றார்கள். 1961-ல் சிசிலியைச் சேர்ந்த என்சோ மயோர்கா அதையும் தொட்டுவிட்டு சிரித்துக்கொண்டே மேலே வந்தார்.

(மயோல், மயோர்கா... எனக்கே குழம்புகிறது. இனி இவரை என்சோ என்றே கூப்பிடுவோம். கதையில் இவர் முக்கியமான ஆள்.)

விடை பின்னால்தான் தெரிந்தது. ஆழத்தில், கை கால்களில் ஓடும் ரத்தம் நெஞ்சுப் பகுதிக்கு இடம்பெயர்ந்து, சுருங்கும் நுரையீரல் விட்டுப்போகும் இடத்தை நிரப்பிக்கொள்கிறது. ரத்தம் திரவம். அதை நசுக்க முடியாது. திமிங்கிலத்துக்கும் டால்பினுக்கும் இருக்கும் அதே ஏற்பாடு, நமக்குள்ளும் இருந்திருக்கிறது.

ஷாங்காயில் பிறந்த பிரெஞ்சுப் பையன்

மயோல் பிறந்தது 1927 ஏப்ரல் 1. ஊர், சீனாவின் ஷாங்காய். கோடை விடுமுறை என்றால் குடும்பத்தோடு ஜப்பானின் கரட்சு கடற்கரைக்குக் கிளம்பிவிடுவார்கள். அங்கேதான் அண்ணனோடு சேர்ந்து முங்கு நீச்சல் பழகினார். அந்தப் பக்கம் 'அமா' என்று அழைக்கப்படும் பெண்கள் உண்டு. எந்தக் கருவியும் இல்லாமல் கடலுக்குள் மூழ்கி, சிப்பியும் பாசியும் எடுத்து வந்து பிழைப்பவர்கள். ஏழு வயதுப் பையன் அவர்களைப் பார்த்தான். அதே கடலில்தான் முதன்முதலாக டால்பினையும் பார்த்தான்.

அமா பெண்களைப் பற்றிப் படிக்கும்போது எனக்குத் தூத்துக்குடிதான் ஞாபகம் வந்தது. மன்னார் வளைகுடாவில் முத்துக்குளித்தவர்கள் செய்ததும் இதையேதான். கயிற்றில் கட்டிய கனமான கல்லோடு சரசரவென இறங்குவார்கள். மேலே தோணியில் ஒருவர் கயிற்றைப் பிடித்திருப்பார். அந்தக் கயிற்றை மச்சான்தான் பிடிக்கணும் என்று நம்ம ஊரில் சொல்வதுண்டு. தங்கச்சி தாலி சம்பந்தப்பட்ட விஷயம், கையை விடமாட்டான் பாருங்க! மயோல் 100 மீட்டர் இறங்கியதும் எடை கட்டிய வண்டி ஒன்றைப் பிடித்துக்கொண்டுதான். ஏறி வரும்போது காற்று நிரப்பிய பலூன். இந்த வகைப் போட்டிக்கு 'நோ லிமிட்ஸ்' என்று பெயர் வைத்தார்கள். கல்லும் கயிறுமாக நம்ம ஆட்கள் அதற்குப் பெயர் வைக்காமலேயே செய்துகொண்டிருந்தார்கள்.

போர் சமயத்தில் குடும்பம் பிரான்ஸின் மார்செய்க்கு வந்துவிட்டது. வளர்ந்த பிறகு மயோல் ஓரிடத்தில் நிற்கவில்லை. ஐரோப்பாவின் வடக்கு, அமெரிக்கா என்று சுற்றினார். கிடைத்த வேலையைப் பார்த்தார். கல்யாணம், இரண்டு குழந்தைகள். ஆனால், குடும்பம் நிலைக்கவில்லை. கடல் மீது பைத்தியமாக இருந்த அப்பா வீட்டில் எவ்வளவு நேரம் இருந்திருப்பார்? இவரைப் பற்றி எழுதும் பலர் இந்தப் பகுதியைச் சட்டெனத் தாண்டிவிடுகிறார்கள்.

குரு பெயர் க்ளௌன்

1957. மயாமியில் புதிதாகத் திறந்திருந்த கடல்வாழ் உயிரினக் காட்சியகத்துக்கு ரேடியோ செய்தியாளராகப் போனார் மயோல். அங்கே க்ளௌன் என்று ஒரு பெண் டால்பின். செய்தி எடுக்கப் போனவர், அங்கேயே வேலைக்குச் சேர்ந்துவிட்டார். தொட்டியைச் சுத்தம் செய்வது, மீனுக்குச் சாப்பாடு போடுவது. மற்ற நேரமெல்லாம் க்ளௌன் கூடவே தண்ணீரில்.

அந்த டால்பினிடம் என்ன கற்றார்? தண்ணீரோடு சண்டை போடக் கூடாது என்பதை. நம்மில் பலர் நீச்சல் பழகும்போது செய்வது சண்டைதான். கையைக் காலை அடித்து, வாயைப் பிளந்து, இருக்கும் மூச்சையெல்லாம் பத்து விநாடியில் காலி பண்ணுவோம். டால்பின் தேவையில்லாமல் ஒரு தசையைக்கூட அசைப்பதில்லை. நம்மைப் போலவே நுரையீரலால் சுவாசிக்கும் உயிரினம். ஆனால், தண்ணீருக்குள் அது அவசரப்படுவதே இல்லை. க்ளௌன் எப்படி மூச்சு விடுகிறாள், எப்படி இறங்குகிறாள் என்று பார்த்துப் பார்த்து, அதையே தன் உடம்பில் செய்து பழகினார் மயோல். அப்போது அவருக்கு வயது 30. மற்ற விளையாட்டு வீரர்கள் ஓய்வைப் பற்றி யோசிக்க ஆரம்பிக்கும் வயது.

1966-ல் பஹாமாஸில் 60 மீட்டர். உலக சாதனை. அவருக்கு அப்போது 39.

அதன்பிறகு நடந்தது ஒரு மாதிரி 'நீயா நானா'. சில மாதங்களிலேயே என்சோ 62 மீட்டர் போனார். 1967-ல் பாப் கிராஃப்ட் என்ற அமெரிக்கக் கடற்படைப் பயிற்சியாளர் 64. 1968-ல் மயோல் 70. அதே வருஷம் கிராஃப்ட் 73. கிராஃப்ட்டின் உடம்பை வைத்து நடந்த ஆராய்ச்சியில்தான், மேலே சொன்ன ரத்தம் இடம்பெயரும் ரகசியம் உறுதியானது.

இந்த மூன்று பேரின் ஸ்டைலும் தனித்தனி. கிராஃப்ட், முழு மூச்சு இழுத்த பிறகும் வாயால் காற்றை விழுங்கி விழுங்கி நுரையீரலை இன்னும் நிரப்புவார். என்சோ உடல் பலத்தை நம்பியவர். கடலை ஒரு மல்யுத்த வீரனைப்போல எதிர்கொண்டவர். மயோலோ மெலிந்த உடம்புக்காரர். பலத்தில் என்சோவை ஜெயிக்க முடியாது என்று அவருக்கே தெரிந்திருக்கும். அவர் திரும்பியது வேறு பக்கம்.

பூரகம், கும்பகம், ரேசகம்

1960-களின் கடைசியில் உலகமே யோகா பக்கம் திரும்பிக்கொண்டிருந்தது. பலருக்கு அது ஃபேஷன். மயோலுக்கு அது தொழில்நுட்பம்.

பிராணாயாமத்தில் மூன்று நிலைகள். மூச்சை இழுப்பது பூரகம், நிறுத்துவது கும்பகம், விடுவது ரேசகம். திருமூலர் தொடங்கி நம்ம தெரு யோகா டீச்சர் வரை சொல்லும் விஷயம். நான் யோகா வகுப்புக்குப் போன காலத்தில் கும்பகம் வரும்போதெல்லாம் கள்ளத்தனமாக மூச்சு விட்டிருக்கிறேன். இதை எழுதும்போது சும்மா நாற்காலியில் உட்கார்ந்து போனில் ஸ்டாப்வாட்ச் போட்டுப் பார்த்தேன். 41 விநாடி. அதிலும் கடைசி 10 விநாடி கண் பிதுங்கிவிட்டது.

அந்தக் கடைசி 10 விநாடியில்தான் விஷயம் இருக்கிறது. மூச்சை அடக்கும்போது வரும் அந்தத் தவிப்பு, ஆக்ஸிஜன் தீர்ந்ததால் வருவது இல்லை. ரத்தத்தில் கார்பன் டை ஆக்ஸைடு கூடுவதால் வருகிறது. அப்போதும் உடம்பில் ஆக்ஸிஜன் மிச்சம் இருக்கும். ஆனால், நாம் பதறுகிறோம். பதறினால் இதயம் வேகமாக அடிக்கும். வேகமாக அடித்தால் ஆக்ஸிஜன் நிஜமாகவே சீக்கிரம் தீரும். மயோல் உடைக்க நினைத்தது இந்தச் சங்கிலியைத்தான். வயிற்றுச் சுவாசம், மெதுவான பிராணாயாமம், தசை தசையாக உடம்பைத் தளர்த்துவது, மனதை ஓரிடத்தில் நிறுத்துவது. இறங்குவதற்கு முன் இதுதான் அவர் தயாரிப்பு.

இங்கே ஒரு விஷயம், கட்டாயம் படிச்சுட்டுப் போங்க. அந்தக் காலத்தில் பலர், இறங்கும் முன் வேகவேகமாக மூச்சு விட்டு இழுப்பார்கள். இப்பவும் நீச்சல் குளத்தில் நம்ம பசங்க செய்வது இதுதான். அப்படிச் செய்தால் ஆக்ஸிஜன் பெரிதாகக் கூடாது. கார்பன் டை ஆக்ஸைடு மட்டும் குறையும். அதாவது, அலாரத்தை ஆஃப் பண்ணிவிட்டுத் தூங்குவதுபோல. தவிப்பே தெரியாமல் ஆக்ஸிஜன் தீர்ந்து, தண்ணீருக்குள்ளேயே மயக்கம் போட்டுவிடும். நன்றாக நீந்தத் தெரிந்தவர்களே இப்படி இறந்திருக்கிறார்கள். குளத்திலோ, கடலிலோ, கிணற்றிலோ மூச்சடக்கும் போட்டி வேண்டாம். தனியாக வேண்டவே வேண்டாம். மயோலைச் சுற்றி எப்போதும் முக்குளிப்பவர்களும் மருத்துவர்களும் இருந்தார்கள்.

1970-ல், சிறுவயதில் டால்பினைப் பார்த்த ஜப்பானுக்கே திரும்பிப் போனார். இசு தீபகற்பத்தில் ஒரு ஜென் மடாலயத்தில் தங்கி தியானம் பழகினார். அந்த செப்டம்பரில், அதே பகுதியில் இட்டோ கடலில் 76 மீட்டர். மறுபடியும் உலக சாதனை. அந்த வருஷக் கடைசியில் சர்வதேச நீரடி விளையாட்டுக் கூட்டமைப்பு, இது உயிருக்கு ஆபத்து என்று சொல்லி இந்தச் சாதனைகளை அங்கீகரிப்பதையே நிறுத்திவிட்டது. மயோல் அதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டார். இனி என் முக்குளிப்பு போட்டி இல்லை, ஆராய்ச்சி என்று சொல்லி, தன் உடம்பை மருத்துவர்களிடம் கொடுத்தார். 1973-ல் எல்பாவில் 86 மீட்டர்.

அடுத்த வருஷம் என்சோவுக்கு நடந்தது சோகமா, காமெடியா என்று தெரியவில்லை. சோரென்டோவில் 90 மீட்டருக்குக் குறி வைத்து இறங்கினார். டி.வி-யில் நேரலை. 20 மீட்டரைக்கூடத் தாண்டுவதற்குள், தண்ணீருக்குள் இருந்த டி.வி வர்ணனையாளர் மீதே மோதிவிட்டார். மேலே வந்தவர் வாயைத் திறந்தார் பாருங்க... மொத்த இத்தாலியும் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து அந்த வசவுகளைக் கேட்டது. அவரைச் சில காலம் டி.வி பக்கமே விடவில்லை.

மயோலின் அந்த வருடங்கள் அப்படி இல்லை. அவர் நேசித்த பெண், 1970-களின் நடுவில் அமெரிக்காவில் ஒரு சூப்பர் மார்க்கெட்டில், முன்பின் தெரியாத ஒருவனால் கொல்லப்பட்டார். அதிலிருந்து மயோல் முழுசாக வெளியே வரவே இல்லை என்பார்கள் அவரை அறிந்தவர்கள். 100 மீட்டர் சாதனை அந்தக் காலகட்டத்தில்தான் வருகிறது. 27 துடிப்பு அமைதிக்கு நடுவில் அவர் எதைச் சுமந்துகொண்டு இறங்கினார் என்று எந்தக் கருவியும் அளக்கவில்லை.

வாத்தியார் மயோல்

1983-ல், 56 வயதில் 105 மீட்டர் இறங்கினார். அதுதான் அவருடைய கடைசி பெரிய முக்குளிப்பு. அதற்குப் பிறகான மயோலை ஆசிரியர் என்றுதான் சொல்ல வேண்டும்.

'ஹோமோ டெல்ஃபினஸ்' என்று ஒரு புத்தகம் எழுதினார். டால்பின் மனிதன் என்று அர்த்தம். தண்ணீரில் வாழ்ந்த காலத்தின் ஞாபகம் மனித உடலுக்குள் இன்னும் தூங்குகிறது, சரியான மூச்சும் மனமும் இருந்தால் அதை எழுப்பலாம் என்பது அவர் நம்பிக்கை. இதில் எல்லாவற்றையும் அறிவியல் ஒப்புக்கொள்ளாது. ஆனால், முகத்தைக் குளிர்ந்த நீரில் வைத்தாலே இதயத்துடிப்பு குறையும் என்பது நிஜம். வாஷ்பேசினில் வைத்தே பார்க்கலாம்.

அவரிடம் பயின்றவர்கள் அவரையே தாண்டினார்கள். ஆஞ்சலா பாண்டினி என்ற இத்தாலியப் பெண், 1989-ல் அதே எல்பாவில் 107 மீட்டர் இறங்கினார். ஆண், பெண் என்ற பிரிவே இல்லாமல் அன்றைக்கு உலகில் மிக ஆழமாகப் போன மனிதர் அவர்தான். வாத்தியாரைவிட 2 மீட்டர் அதிகம். உம்பர்தோ பெலிட்சாரி என்ற இளைஞர், மயோலின் மூச்சுப் பாடத்தையும் மனதைத் தளர்த்தும் பயிற்சியையும் வாங்கிக்கொண்டு, 1999-ல் 150 மீட்டர் போனார். அவர் தொடங்கிய மூச்சடக்கிப் பள்ளியில் பிராணாயாமம் பாடமாகவே இருக்கிறது. 2007-ல் ஆஸ்திரியாவின் ஹெர்பர்ட் நிட்ச் 214 மீட்டரைத் தொட்டார். ஐம்பதில் நெஞ்சு நசுங்கும் என்று சொன்ன கணக்கு எங்கே கிடக்கிறது பாருங்க!

சினிமாவும் நிஜமும்

இளைஞர்களிடம் மயோலைக் கொண்டு சேர்த்தது 1988-ல் வந்த 'தி பிக் ப்ளூ'. லுக் பெஸ்ஸோன் இயக்கிய படம். திரைக்கதையில் மயோலும் கை வைத்தார். ஜாக் மயோலாக ஜான்-மார்க் பார், போட்டியாளர் என்சோவாக ஜான் ரெனோ. பிரான்ஸில் பிய்த்துக்கொண்டு ஓடியது. படத்தில் இருவரும் பால்ய நண்பர்கள். நிஜத்தில் இல்லை. படத்தில் என்சோ, மயோலை ஜெயிக்கும் வெறியில் ஆழத்துக்குப் போய் இறந்துவிடுவார். மயோல் டால்பினோடு இருட்டுக்குள் மறைந்துபோவார்.

நிஜத்தில் மயோலுக்கு அப்படி மறைய முடியவில்லை. படம் வந்தபோது அவருக்கு 61. திரையில் இருந்த ஜாக்குக்கு வயதே ஆகாது. நிஜ மயோல் வயதாகிக்கொண்டே போனார். எல்பா, கரீபியன் தீவுகள், ஜப்பான் என்று மாறி மாறி வாழ்ந்தார். எதிலும் ஒட்டவில்லை. கடைசி வருடங்களில் மன அழுத்த நோய் அவரைப் பிடித்துக்கொண்டது. 2001 டிசம்பர் 22 அன்று, எல்பா தீவிலிருந்த வீட்டில், 74 வயதில் தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டார்.

மூச்சும் தியானமும் தெரிந்த மனிதருக்கே இப்படியா என்று முதலில் எனக்கும் தோன்றியது. யோசித்தால், அந்தக் கேள்வியே தப்பு. சர்க்கரை நோய் வந்த யோகா ஆசிரியரை நாம் அப்படிக் கேட்பதில்லை. மன அழுத்தமும் ஒரு நோய். அதற்கு மருத்துவர் வேண்டும், மருந்து வேண்டும், பேச ஆள் வேண்டும். பிராணாயாமம் கூடத் துணைக்கு வரலாம், அவ்வளவுதான். (உங்களுக்கோ, நண்பருக்கோ அப்படித் தோன்றினால், தமிழகத்தில் 104, நாடு முழுவதும் 14416. கூப்பிட்டால் பேசுவார்கள்.)

சரி, என்சோ என்ன ஆனார்? சினிமாவில் செத்துப்போன அவர், நிஜத்தில் நன்றாகவே வாழ்ந்தார். 1988-ல், 57 வயதில் 101 மீட்டர் இறங்கினார். ஒருமுறை ஈட்டியில் சிக்கித் துடித்த மீனைக் கையில் பிடித்தபோது, அதன் இதயத்துடிப்பு விரலில் பட்டிருக்கிறது. அன்றோடு வேட்டையை விட்டார், சைவத்துக்கும் மாறினார். இத்தாலி நாடாளுமன்றத்தில் செனட்டராகவும் இருந்தார். 2016-ல், 85 வயதில்தான் காலமானார்.

தன்னை ஒரு முரட்டு ஆளாகக் காட்டிவிட்டார்கள் என்று 'தி பிக் ப்ளூ' மீது அவருக்குக் கடுங்கோபம். வழக்கு வரைக்கும் போனார். அதனால் வருடக்கணக்காக அந்தப் படம் இத்தாலியில் வெளியாகவே இல்லை. மயோல் வாழ்ந்த எல்பா தீவும் இத்தாலிதான். கடைசியில் 2002-ல்தான் அங்கே தியேட்டருக்கு வந்தது. மயோல் இறந்து சில மாதங்கள் ஆகியிருந்தன.